கட்டின மரமும் தைச்ச தோலும்

போன யூலை லீவில் நிலாவெளிக் கடலில் நான் இரண்டு தரம் கவிழ்ந்தேன். முதல் தரம் சிரித்தேன். இரண்டாம் தரம் சிரிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் தரத்தில் இருந்து தொடங்கினது.

கம்பஸில் என்னோடு ஒரே பட்சில் படிக்கிற கூட்டாளியின் ஊர் அது. செமஸ்டர் லீவு விட்டால் அவன் கரையில் கயாக் வாடகைக்கு விடுகிற ஒரு கொட்டிலில் வேலைக்கு நிற்பான். வெளிநாட்டுக்காரருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, துடுப்பை எப்படிப் பிடிக்கவேணும் என்று இங்கிலீசில் சொல்லிக்கொடுப்பது, அவர்கள் திரும்பி வரும்வரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது, இதுதான் வேலை. "நீ வா மச்சான், உனக்குக் காசு வேண்டாம்" எண்டான். நான் யாழ்ப்பாணத்தான். பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் கிடக்கிற பரவைக்கடல்தான் எனக்குத் தெரிந்த கடல். முழங்காலுக்கு மேல் தண்ணி இல்லாத இடத்தில் நீந்தப் பழகினவன். ஆனாலும் போனேன்.

காலை ஆறரைக்கு ஆளுக்கொரு மஞ்சள் பிளாஸ்டிக் கயாக்கோடு இறங்கினோம். புறாத்தீவுப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்புவது என்று கணக்கு. அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போதே நான் கவிழ்ந்தேன். இடுப்பளவு தண்ணி. எழும்பிச் சிரித்துப்போட்டு மறுபடியும் ஏறினேன்.

வெளியே போனதும் கடல் வேறு ஆளாக மாறிவிட்டது. கரையில் நின்று பார்க்கும்போது அலை என்றால் நுரை, சத்தம், உடைவு. வெளியே நுரையும் இல்லை, சத்தமும் இல்லை. நீளமான ஒரு மேடு தூரத்தில் இருந்து உருண்டு வந்து, உங்களை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கிவிட்டுக் கடந்துபோகிறது. முன்னால் போன கூட்டாளி ஒரு கணம் முழுதாகத் தெரிவான், அடுத்த கணம் தலை மட்டும் தெரியும். "இதுதான் ஸ்வெல்" எண்டான். அறுகம்பேயில் சர்ஃபிங் பெடியள் வாயில் எப்போதும் இருக்கிற சொல். அந்த இடத்துக் காற்று எழுப்புகிற அலை இல்லை அது. எங்கேயோ தூரத்துக் கடலில் அடித்த காற்று, காற்று ஓய்ந்த பிறகும் அலையாகப் பயணம் செய்து வருகிறது. பத்து வினாடிக்கு ஒரு தரம் வருகிற ஸ்வெல் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 56 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஓடுவது அலைதான், தண்ணி அல்ல. தண்ணி அங்கேயே ஒரு வட்டம் சுற்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும். அலையின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலான ஆழம் என்று வரும்போது கால் தடக்கினவன் மாதிரி முன்னால் விழுந்து உடையும். ஒரு மீற்றர் அலை ஏறக்குறைய 1.3 மீற்றர் ஆழத்தில் உடையும். இதெல்லாம் பிறகு வாசித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வயிறு கலங்கினது மட்டும்தான்.

எட்டரை போலக் கச்சான் எழும்பிவிட்டது. கச்சான் என்றால் எனக்கு வறுத்துப் பேப்பர்ச் சுருளில் வாங்கித் தின்கிற சாமான். அவனுடைய ஊரில் அது மேற்கில் இருந்து வருகிற காற்று, தரையில் இருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. வழமையாக இவ்வளவு வெள்ளென எழும்பாதாம். கரையில் நிற்கிறவனுக்குக் கடல் இன்னும் அழகாக, மட்டமாகத் தெரியும். நடுவில் நிற்கிறவனை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். திரும்புவதற்காகப் படகை வளைத்தபோது ஒரு ஸ்வெல் பக்கவாட்டில் தூக்கியது, காற்று மற்றப் பக்கத்தால் பிடித்தது. கவிழ்ந்தேன். மேலே வந்து மூச்செடுத்துக் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது படகு ஐந்தாறு யார் தள்ளிப் போயிருந்தது. நீந்தினேன். நான் நீந்துகிறதைவிட அது காற்றில் போகிறது வேகம். "போட்ட விடாத! போட்ட விடாத!" எண்டு கூட்டாளி கத்தினது அப்போதுதான் கேட்டது. நான் விட்டு எவ்வளவோ நேரம்.

அவன் சுற்றிப் போய் என் படகை மறித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் ஏறினேன். பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல், காற்றுக்கு எதிராக, நிற்காமல் வலித்தோம். நின்றால் வந்த தூரம் போய்விடும். இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

கரையில் அவனுடைய அம்மப்பா ஒரு பழைய மரத்துண்டில் குந்திக்கொண்டிருந்தார். முழுவதையும் பார்த்திருக்கிறார். நாங்கள் படகை இழுத்துப் போட்டுவிட்டு மணலில் விழுந்து கிடந்தபோது சொன்னார்: "தம்பி, கவிழுறது பிழையில்ல. கையை விட்டதுதான் பிழை."

பிறகு அந்தப் பிளாஸ்டிக் படகைக் காலால் தட்டிப் பார்த்தார். அதன் தட்டில் மேலிருந்து கீழே போகிற ஓட்டைகள் இருக்கும். ஏறின தண்ணி அதன் வழியே வடிந்து போகும். "இது நம்மட கட்டுமரம்தானே" எண்டார். நாங்கள் சிரித்தோம்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு நெருடிக்கொண்டே இருந்தது. கயாக் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கிழவர் சொன்னது சரி.

தண்ணியை உள்ளே விடாத படகு

கயாக் என்ற சொல் வட துருவப் பகுதி மக்களின் சொல். கிறீன்லாந்தின் இனுயிட் மக்கள் அதைக் 'கயாக்' என்றார்கள். அலாஸ்காவுக்கு அப்பால் அலூஷியன் தீவுகளில் வாழ்கிற உனங்கன் மக்கள், அதாவது அலெயுத் மக்கள், தங்கள் சொல்லில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். கிறீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாப் பக்கம் கிடைத்த படகுச் சட்டத் துண்டுகள் ஏறக்குறைய 4,000 வருடப் பழமையானவை.

அந்தத் தேசத்தில் மரம் வளராது. கடல் கொண்டுவந்து ஒதுக்குகிற மரங்களையும் எலும்பையும் வைத்துச் சட்டம் கட்டினார்கள். ஆணி இல்லை, தோல்வாரால் கட்டு. அதன் மேல் சீல் தோல். தோலைத் தைத்தது பெண்கள். ஊசி தோலின் மறுபக்கத்துக்கு வராமல், பாதித் தடிப்பில் மட்டும் ஓடுகிற தையல். ஊசி போன ஓட்டையால் ஒரு சொட்டுத் தண்ணியும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. வேட்டைக்குப் போகிறவனின் உயிர் அவன் கைப்பலத்தில் மட்டும் இருக்கவில்லை, அந்தத் தையலிலும் இருந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் கயாக்கை ஆண்களின் படகு என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். தைத்தவர்களையும் அதே வரியில் எழுதியிருக்க வேணும்.

படகு ஆளுக்கு அளவெடுத்துச் செய்வது, சட்டை தைப்பது மாதிரி. நீளத்துக்கு அவன் விரித்த கைகளின் அளவு, உட்காருகிற இடத்துக்கு அவன் இடுப்பின் அளவு. வேட்டைக்காரன் தோலால் செய்த மேற்சட்டை போட்டு, அதன் கீழ் விளிம்பைப் படகின் வாய் விளிம்போடு இறுக்கிக் கட்டுவான். முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டைச் சுற்றியும் இறுக்கு. கட்டி முடிந்தால் மனிதனும் படகும் ஒரே பொருள். கடல் அதற்குள் வர வழி இல்லை.

ஆனால் கவிழ்ந்தால்? அந்தத் தண்ணியில் சில நிமிடங்களில் கை விறைத்துப்போகும். நீச்சல் தெரிந்தும் பிரயோசனம் இல்லை. எனவே படகை விட்டு வெளியே வருவது என்ற யோசனையே அவர்களிடம் இல்லை. தலைகீழாகத் தொங்கியபடியே துடுப்பைத் தண்ணிக்குள் வீசி, இடுப்பைத் திருப்பி, படகோடு சேர்ந்து மேலே வருவார்கள். துடுப்பு கைநழுவிப் போயிருந்தால் என்ன செய்வது, ஒரு கை ஈட்டிக் கயிற்றில் சிக்கியிருந்தால் என்ன செய்வது, கையில் எறிகோல் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு புரளல் முறை இருக்கிறது. இன்றைக்குக் கிறீன்லாந்துப் போட்டிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட புரளல்கள் கணக்கில் இருக்கின்றன. முப்பது விளையாட்டு என்று நினைக்கக்கூடாது. கடலில் ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடிய முப்பது விபத்துக்களின் பட்டியல் அது.

"கையை விட்டதுதான் பிழை" என்று நிலாவெளியில் ஒரு கிழவர் சொன்னதை அவர்கள் ஒரு கல்வியாகவே வைத்திருந்தார்கள்.

எடுத்துக்கொண்டு போனவர்கள்

இந்த அறிவு உலகத்துக்கு எப்படிப் போனது என்ற கதை இனிமையானது இல்லை.

1605இல் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய கப்பல்கள் கிறீன்லாந்துக்குப் போய், சில மனிதர்களைப் பலவந்தமாகப் பிடித்துக் கயாக்குகளோடு கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுவந்தன. அவர்களைக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். ஐரோப்பாவின் பழைய அரும்பொருள் சேகரிப்புகளில் தொங்குகிற கயாக்குகள் சிலவற்றுக்குப் பின்னால் இப்படியான மனிதர்கள் இருக்கிறார்கள். படகுக்கு இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டி வந்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை.

அலூஷியன் தீவுகளில் நடந்தது இன்னும் மோசம். 1741இல் பெரிங் தலைமையில் போன ரஷ்யப் பயணத்தில் தப்பி வந்தவர்கள் கடல் நீர்நாய்த் தோல்களைக் கொண்டுவந்தார்கள். சீனாவில் அதற்கு நல்ல விலை. தோல் வியாபாரிகள் தீவுகளுக்குப் படையெடுத்தார்கள். ஆனால் நீர்நாயைத் துரத்திப் பிடிக்க அவர்களுக்குத் தெரியாது. கயாக்கில் போகிற உனங்கன் ஆண்களுக்குத்தான் தெரியும். எனவே பெண்களையும் பிள்ளைகளையும் பணயமாக வைத்துக்கொண்டு ஆண்களை வேட்டைக்கு அனுப்பினார்கள். 1799இல் உருவான ரஷ்ய-அமெரிக்கக் கம்பனி இந்தக் கட்டாய உழைப்பை ஒரு நிறுவனமாகவே நடத்தியது. வன்முறையாலும் நோயாலும் அந்த மக்களில் பெரும்பகுதியினர் அழிந்தார்கள். ஒருவர் அல்லது இருவர் உட்காருகிற அவர்களின் படகில் மூன்றாவது துவாரம் அந்தக் காலத்தில்தான் பரவியது. நடுத் துவாரத்தில் ரஷ்ய அதிகாரியோ பாதிரியாரோ உட்காருவார். முன்னும் பின்னும் இருந்து வலிப்பது உனங்கன் ஆட்கள். காலனித்துவம் என்றால் என்ன என்று யாரும் கேட்டால் அந்த மூன்று துவாரப் படகின் படத்தைக் காட்டலாம்.

19ஆம் நூற்றாண்டில் அது பொழுதுபோக்காக மாறியது. ஸ்கொட்லாந்துச் சட்டத்தரணி ஜோன் மக்கிரகர் 'றொப் றோய்' என்ற மரப்படகைச் செய்வித்து, 1865இல் ஐரோப்பிய ஆறுகளில் தனியே பயணம் செய்தார். அடுத்த வருடம் அவர் எழுதிய புத்தகம் படித்த கனவான்களிடம் ஒரு மோகத்தைக் கிளப்பியது. 1905இல் அல்பிரட் ஹொய்ரிஷ் என்ற ஜேர்மன் கட்டிடக்கலை மாணவன் மடித்துப் பையில் கட்டக்கூடிய படகு ஒன்றைச் செய்தான். இரண்டு வருடம் கழித்து அதன் உரிமையை வாங்கியவர் றோசன்ஹைம் நகரத்துத் தையல்காரர் யொஹான் கிளெப்பர். மறுபடியும் தையல். சீல் தோலுக்குப் பதில் றப்பர் பூசிய துணி. படகு ரெயிலில் ஏறியது.

அப்படியான ஒரு மடிப்புப் படகுதான் எங்கட பக்கத்துக் கடலுக்கும் வந்தது. ஒஸ்கார் ஸ்பெக் என்ற ஜேர்மன்காரர், உலகப் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர், 1932 மே மாதம் ஊல்ம் நகரத்தில் டான்யூப் ஆற்றில் இறங்கினார். சைப்பிரசுக்குப் போய்ச் சுரங்கத்தில் வேலை தேடுவதுதான் திட்டம். போன வழியில் மனம் மாறியது. யூப்ரடீஸ் ஆற்றால் பாரசீக வளைகுடா, அங்கிருந்து இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, பிறகு வங்காள விரிகுடாவின் கரையைச் சுற்றிப் பர்மா, மலாயா, டச்சுக்காரர் ஆண்ட தீவுகள், நியூகினி. ஏழு வருடம். ஏறக்குறைய 50,000 கிலோமீற்றர். 1939 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சைபாய் தீவில் ஏறும்போது யுத்தம் தொடங்கியிருந்தது. ஜேர்மன்காரன் என்பதால் அங்கேயே கைதுசெய்து முகாமில் போட்டார்கள். அவ்வளவு தூரம் போன அந்த ஆளுக்கு நடுக்கடலைவிடப் பெரிய தலையிடி கரையேறுவதுதான். திறந்த கரைகளில் ஸ்வெல் உடைகிற கோட்டைத் தாண்டித்தான் சோறும் தண்ணியும் இருந்தன. அதை வாசித்தபோது எனக்கு ஒருவகை ஆறுதல்.

ஐரோப்பியர் படகை எடுத்துப்போனார்கள். புரளலை எடுத்துப்போக வெகுகாலம் ஆனது. எடி பவ்லாட்டா என்ற ஒஸ்திரியர் புத்தகங்களை வாசித்து, தானாகப் பழகி, 1927இல்தான் கவிழ்ந்த கயாக்கை முதன்முதலாக நிமிர்த்தினார். முந்நூறு வருடத்துக்கு மேல் நூதனசாலையில் படகு தொங்கியும், அதைக் கவிழ்த்து நிமிர்த்துகிற வித்தை அந்தப் பக்கம் போகவில்லை. பிரித்தானியரான ஜினோ வொட்கின்ஸ் 1930, 31இல் கிறீன்லாந்தில் தங்கி வேட்டைக்காரரிடம் நேரடியாகவே பழகினார். நன்றாகத்தான் பழகினார். 1932 ஓகஸ்டில் தனியே சீல் வேட்டைக்குப் போனார். அவருடைய கயாக் வெறுமையாக மிதந்து கிடந்தது, ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வயது 25. பழகின ஆளுக்கே கடல் இப்படித்தான்.

தண்ணியை உள்ளே விடுகிற படகு

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம்.

துருவத்தில் தண்ணி எதிரி. உள்ளே விட்டால் சாவு. எங்கட கடலில் தண்ணி இளஞ்சூடு. நனைந்தால் ஒன்றும் ஆகாது. அதனால் இந்தக் கரைகளில் இருந்தவர்கள் அதே அலைக்கு நேர் எதிரான விடையைக் கண்டுபிடித்தார்கள். பாரமில்லாத மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, கயிற்றால் கட்டு. ஆணி இல்லை. தட்டு இல்லை, பக்கச் சுவர் இல்லை, நிரம்பிவிட உள்வயிறும் இல்லை. அலை மேலே ஏறட்டும், மரங்களுக்கு இடையால் வடியட்டும். அமிழ்த்த முடியாத படகு. வேலை முடிந்து கரைக்கு வந்தால் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள், ஊறின மரம் பாரம் என்பதால். அடுத்த நாள் மறுபடியும் கட்டு. படகு என்பது ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுகிற ஒன்று. மரம் கரையில் கிடக்கும். கட்டுகிற கைதான் படகு.

சென்னையின் வரலாற்றை வாசித்தால் இந்தப் படகின் பெறுமதி விளங்கும். ஆங்கிலேயர் கோட்டை கட்டின அந்த ஊருக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துறைமுகமே இல்லை. கப்பல்கள் அலை உடைகிற கோட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் இறங்கினால் நொறுங்கும். கப்பலுக்கும் கோட்டைக்கும் நடுவில் கடிதங்களைக் கொண்டு போனவர்கள் கட்டுமரக்காரர். தண்ணி புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் கட்டிக்கொண்டு, அலையில் விழுந்து, எழும்பி, போய்ச் சேருவார்கள். ஆட்களையும் பொதிகளையும் ஏற்றினது மசூலாப் படகுகள். அவை பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள். மணலில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். பயணிகள் அலையில் விழுந்தால் தூக்குவதற்காகக் கூடவே கட்டுமரங்களும் போகும். ஒரு பேரரசின் வியாபாரம் முழுவதும் இந்த உடையும் அலையைத் தெரிந்த மனிதர்களின் தோளில் நடந்தது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டார்கள். 1881இல் வந்த புயல் கட்டினதை உடைத்துப்போட்டது.

பெயரும் பயணம் போனது. வில்லியம் டம்பியர் 1697இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆனது. 1876இல் நதானியேல் ஹெரஷொஃப் என்ற அமெரிக்கர் இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைச் செய்து போட்டியில் ஓடவிட்டார். அந்த வகைக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு கூகுளில் அந்தச் சொல்லை அடித்துப் பாருங்கள். வெள்ளை நிறச் சொகுசுப் படகுகள் வரும். கட்டும் இல்லை, மரமும் இல்லை.

நிலாவெளியில் நான் ஏறின படகுக்கு வருகிறேன். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற இந்தப் பிளாஸ்டிக் வகை 1970களில் கலிபோர்னியாவின் சர்ஃபிங் கரைகளில் உருவானது. மூடின உள்வயிறு வேண்டாம், புரளல் பழகத் தேவையில்லை, விழுந்தால் மறுபடி ஏறு, ஏறின தண்ணி ஓட்டைகளால் போகட்டும் என்பது அதன் யோசனை. அதாவது, பெயர் இனுயிட் மக்களுடையது. வேலை செய்கிற முறை கட்டுமரத்தினுடையது. கலிபோர்னியாக்காரர் எங்களைப் பார்த்துக் கொப்பி அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சூடான கடலும் உடையும் அலையும் இருக்கிற இடத்தில் ஆட்கள் அந்த விடைக்கு வந்து சேருவார்கள். ஆனால் அந்த விடையை நூற்றாண்டுகளுக்கு முன்பே வைத்திருந்த ஊரில், அதை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, இங்கிலீசில் பாடம் கேட்டு ஏறுகிறோம். கிழவர் தட்டிப் பார்த்தது அதைத்தான்.

கை விட்டது எப்போது

என் கூட்டாளி கடற்றொழில் செய்த குடும்பத்துப் பேரன். துடுப்புப் பிடிக்க அவன் பழகினது அம்மப்பாவிடம் இல்லை, வாடகைக் கொட்டிலில். இதை அவனிடம் கேட்டபோது அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அம்மப்பாவின் நல்ல வயதில் யுத்தம். வடக்கிலும் கிழக்கிலும் கடல் என்பது அனுமதி கேட்டுப் போகிற இடமாக இருந்தது. பாஸ், நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, சில காலங்களில் முழுத் தடை. இரவில் போய்ப் பழகின தொழிலைப் பகலில் மட்டும் செய்யச் சொன்னால் பாதி அறிவு பிரயோசனம் இல்லாமல் போய்விடும். பிறகு 2004 டிசம்பர் 26. அவனுக்கு மூன்று வயது. வீடு போனது, கட்டுமரம் போனது. அம்மா அவனைக் கடலில் கால் வைக்க விடாமல்தான் வளர்த்தார். சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கரைக்கு வந்து குவிந்தது ஃபைபர் படகுகள். கட்டத் தேவையில்லாத, அவிழ்க்கத் தேவையில்லாத படகுகள். எஞ்சினை இழுத்தால் ஓடும். தொழிலுக்கு அது வசதி, யாரும் குறை சொல்ல முடியாது. நானும் எஞ்சினை விட்டுவிட்டுக் கட்டுமரத்தில் போங்கோ என்று சொல்ல வரவில்லை. வயிற்றுக்காகக் கடலுக்குப் போகாதவன் அப்படிச் சொன்னால் அது அகங்காரம்.

ஆனால் கிறீன்லாந்திலும் இதுதான் நடந்தது. எஞ்சின் படகு வந்தது. 1950, 60களில் டென்மார்க் அரசு நவீனமயமாக்கல் என்று சிறு கிராமங்களில் இருந்தவர்களை நகரங்களுக்கு இழுத்தது. கயாக் பெரும்பாலான இடங்களில் மறைந்தது, புரளல் தெரிந்தவர்கள் கிழவர்கள் மட்டும் ஆனார்கள். 1979இல் கிறீன்லாந்துக்குச் சுயாட்சி வந்தது. 1980களின் தொடக்கத்தில், ஐரோப்பாவில் இருந்து காட்சிக்கு வந்த பழைய கயாக்குகளைப் பார்த்த சில இளைஞர்கள், எங்களுடையதை நாங்களே நூதனசாலைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறோமே என்று யோசித்தார்கள். கிழவர்களைத் தேடிப் போனார்கள். படகு கட்டினார்கள், புரளப் பழகினார்கள். சங்கம் அமைத்தார்கள். இன்றைக்கு வருடாவருடம் தேசியப் போட்டி நடக்கிறது, சின்னப் பிள்ளைகளும் பெண்களும் புரளுகிறார்கள். அவர்களும் சீல் வேட்டைக்கு எஞ்சின் படகில் போகிறவர்கள்தான். எஞ்சினையும் வைத்துக்கொண்டு, கையையும் விடாமல் இருக்கிறார்கள்.

அங்கே கிழவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெடியள் போய்க் கேட்டார்கள். அந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

அதனால் செப்ரெம்பரில் மறுபடியும் போனேன். கடலுக்கு இல்லை, அம்மப்பாவிடம். ஒரு சியாமளப் பச்சைக் கொப்பியும் ஃபோன் ரெக்கோடரும் கொண்டு போனேன். கூட்டாளியும் பக்கத்தில் இருந்தான். காற்றின் பெயர்கள், நீரோட்டத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கிற விதம், இருட்டில் கரையைச் சத்தத்தால் அடையாளம் காண்கிறது என்று கேட்கக் கேட்கச் சொன்னார். அலையைப் பற்றி ஒன்று சொன்னார். அலை ஒரே மாதிரி வராது, கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில தொடர்ந்து வரும், பிறகு ஒரு சின்ன ஓய்வு வரும். அந்த ஓய்வில்தான் இறங்கவும் ஏறவும் வேணும். ஸ்வெல் வேறுவேறு நீளத்தில் ஒன்றின் மேல் ஒன்று வருவதால் அப்படிக் கூட்டம் சேருகிறது என்று நான் இணையத்தில் வாசித்திருந்தேன். அவர் வாசிக்கவில்லை, எண்ணியிருக்கிறார்.

"எத்தின எண்ண வேணும் அம்மப்பா?" எண்டு கூட்டாளி கேட்டான்.

"அது ஒவ்வொரு நாளும் வேற. போய் நிண்டு எண்ணு" எண்டார்.

கட்டுகிற முடிச்சைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். அவர் குந்தியிருந்த மரத்துண்டு இருக்கிறதே, அது சுனாமிக்குப் பிறகு ஒதுங்கிக் கிடைத்த அவருடைய கட்டுமரத்தின் ஒரு துண்டு. மற்றத் துண்டுகள் இல்லை. எனவே இரண்டு தென்னங்குற்றிகளை வைத்துக் கட்டிக் காட்டினார். கை நடுங்கியது, முடிச்சு நடுங்கவில்லை. கூட்டாளி அவிழ்த்துக் கட்டினான். வழுகியது. மறுபடியும் அவிழ்த்தான். நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீயும் வந்து கட்டு தம்பி, படம் புடிச்சா கைக்கு வராது" எண்டார். ஃபோனை மணலில் வைத்துவிட்டுப் போய்க் கட்டினேன். எனதும் வழுகியது.

அடுத்த மார்ச்சில், கடல் அடங்கின பிறகு, நாலு மரம் தேடிப் பார்க்கலாம் என்று கதைத்திருக்கிறோம். நடக்குமோ தெரியாது. ஆனால் இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது கரையூரில் ஓர் அம்மப்பாவோ அப்பப்பாவோ இருந்தால், அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு கயிற்றைக் கொண்டுபோய் அவரிடம் குடுத்துப் பாருங்கோ. என்ன கேட்கிறது என்று யோசிக்கத் தேவையில்லை. கயிறு கைக்கு வந்தால் அவர்களே தொடங்குவார்கள்.